வாழ்க்கைக் குறிப்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள்: இறையியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும், முறையியல் தாள் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம். இறையியல் பட்டப் படிப்பின் பாடத்திட்டத்தைத் திருத்தும் பொறுப்பு உங்கள் கையில் இருக்கிறது. இறையியல் வரலாறும் முறையியலும் கற்பிக்கிற நாங்கள் அதில் ஒரே ஒரு பகுதியைப் பற்றி எழுதுகிறோம். ஓர் இறையியலாளரின் சொந்த வாழ்க்கைச் சூழல் அவருடைய சிந்தனைக்குள்ளும் முறைக்குள்ளும் எப்படி நுழைகிறது என்பதை நாம் கற்பிக்கும் விதம் சரியில்லை.

இப்போது நடப்பது இதுதான். ஒவ்வொரு இறையியலாளருக்கும் தொடக்கத்தில் ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு: பிறப்பு, படிப்பு, ஒரு நெருக்கடி, மரணம். அடுத்த பக்கத்தில் 'கோட்பாடுகள்' என்று தலைப்பு மாறிவிடும். இரண்டுக்கும் நடுவே பாலம் கட்டுவது மாணவர் பாடு. அவர் கட்டும் பாலத்துக்கு ஒரே கல்தான், 'ஆகவே' என்ற சொல். அகுஸ்தீன் இளமையில் தடம் புரண்டார், ஆகவே ஆதிப் பாவம். லூத்தரின் அப்பா கண்டிப்பானவர், ஆகவே கோபமுள்ள கடவுள். மோல்ட்மன் போர்க்கைதியாக இருந்தார், ஆகவே நம்பிக்கையின் இறையியல். விடைத்தாளில் இதற்கு நாமும் தாராளமாக மதிப்பெண் போட்டுவருகிறோம்.

இதைவிடப் பெரிய கோளாறு தாள்களின் பெயரிலேயே இருக்கிறது. 'சூழல்சார் இறையியல்' இறுதியாண்டில் விருப்பத் தாள். ஆசியர், ஆப்பிரிக்கர், லத்தீன் அமெரிக்கர், பெண்கள், தலித்துகள் எல்லோரும் அங்கே. 'முறைசார் இறையியல்' கட்டாயத் தாள். அதில் வரும் ஜெர்மானியருக்கும் சுவிஸ்காரருக்கும் ஊரும் இல்லை, வீடும் இல்லை, சம்பளமும் இல்லை போலும். 'சூழல்மயமாக்கல்' என்ற சொல்லை 1972இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள், தைவானில் பிறந்து இறையியல் கல்வி நிதியத்தின் இயக்குநராக இருந்த ஷோகி கோவும் அவரது சகாக்களும். இறையியல் கல்லூரிகளில் மொத்தக் கல்வியும் எப்படி நடக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடையாகத்தான் அந்தச் சொல் பிறந்தது. அதைக் கடைசி ஆண்டின் விருப்பத் தாளுக்குள் அடைத்துவைத்தது நம்முடைய கைங்கரியம்.

நாங்கள் கேட்பது முதல் பருவத்தில், கட்டாய முறையியல் தாளுக்குள், ஆறு வார அலகு ஒன்று. முதல் மூன்று வாரம் ஒரே ஓர் இறையியலாளர், அடுத்த இரண்டு வாரம் அவரோடு ஒப்பிட இன்னொருவர், கடைசி வாரம் எட்டுப் பக்கக் கட்டுரை. என்ன செய்ய வேண்டும், எங்கே சறுக்கும் என்பதைக் கீழே விவரிக்கிறோம்.

முதல் வேலை, வாழ்க்கை வரலாற்றை மூடிவைப்பது. மாணவர் கையில் ஐந்து முதல் பத்துப் பக்க மூலப் பகுதியை மட்டும் கொடுங்கள். இரண்டு முறை படித்துவிட்டு, விளக்க வேண்டிய ஒரே வாக்கியத்தைப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். 'லூத்தரின் கடவுட் கொள்கை' என்பது வாக்கியம் ஆகாது. 'கடவுளின் நீதி என்பது கடவுள் தண்டிக்கும் நீதி அல்ல, அவர் இலவசமாகத் தரும் நீதி' என்பது வாக்கியம். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் பிறகு எந்தச் சம்பவத்தையும் எந்தக் கருத்தோடும் முடிச்சுப்போட முடியும். கருத்து அந்த அளவுக்குத் தொளதொளவென்று இருக்கும்.

அடுத்தது கால அட்டவணை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பாதிப் பிழைகள் இங்கேயே விழுந்துவிடுகின்றன. தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் நிகழ்வுகள், வலப்பக்கம் எழுத்துகள் என்று எழுதவேண்டும். நூலுக்கு வெளியான ஆண்டைப் போடாமல் எழுதப்பட்ட ஆண்டைப் போட வேண்டும். அகுஸ்தீனை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம்: 354இல் தகாஸ்தேயில் பிறப்பு, ஏறத்தாழ 15 ஆண்டு சேர்ந்து வாழ்ந்து தன் மகனையும் பெற்ற பெண்ணை 385ஐ ஒட்டி மிலானிலிருந்து அனுப்பிவிடுதல், 386இல் மனமாற்றம், 387இல் அம்புரோசியாரிடம் திருமுழுக்கு, 391இல் குருப்பட்டம், 395-96இல் ஹிப்போவின் ஆயர், 410இல் அலாரிக்கிடம் ரோம் வீழ்ச்சி, 411இலிருந்து பெலேஜியர் சர்ச்சை (மனிதர் தம் விருப்பத்தாலேயே பாவமின்றி வாழ முடியும் என்றவர்களோடு), 430இல் வாண்டல்களின் முற்றுகைக்குள் மரணம். வலப்பக்கம்: 386இல் கசிசியாக்கும் என்ற ஊரில் எழுதிய உரையாடல்கள், 396-97இல் மிலான் சபையைச் சேர்ந்த சிம்ப்ளிசியானின் கேள்விகளுக்குப் பதில், 397 தொடங்கி 'அறிக்கைகள்', 413 முதல் 426 வரை 'கடவுளின் நகரம்'.

இப்போது 'இளமைக் குற்றவுணர்வே ஆதிப் பாவக் கொள்கையானது' என்ற வாக்கியத்தை இந்தத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். பொருந்தாது. 'ஆதிப் பாவம்' என்ற சொல் அவர் கையில் பிடிபடுவது சிம்ப்ளிசியானுக்கு எழுதிய பதிலில். அந்த உறவு முடிந்து பத்தாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. மனமாற்றத்தின் சூடு ஆறாத 386இன் உரையாடல்களில் அந்தச் சொல் இல்லை. அங்கே பேசுபவர் ஞானத்தைத் தேடும் மெய்யியலாளர். பத்தாண்டு இடைவெளியில் நடந்தது என்ன? அவர் ஆயரானார். ரோமர் 7ஆம், 9ஆம் அதிகாரங்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு வரிவரியாகப் பதில் எழுத உட்கார்ந்தார். மனிதனின் தன்னிச்சைக்காக வாதாடிப் பார்த்ததாகவும், கடைசியில் கடவுளின் அருளே வென்றதாகவும் முதுமையில் அவரே அந்த நூலைப் பற்றி எழுதினார்.

அப்படியென்றால் வாழ்க்கை நுழையவே இல்லையா? நுழைகிறது, வேறு வாசல் வழியாக. மொழி என்ற வாசல். ரோமர் 5:12இன் கிரேக்கத்தில் 'எல்லாரும் பாவஞ்செய்தபடியால்' என்ற பொருள் வருகிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அப்படித்தான் வைத்திருக்கிறது. அகுஸ்தீன் கையில் இருந்த லத்தீன் பாடமோ 'அவனில் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்' என்று படிக்க இடம் தந்தது. ஆதாமுக்குள் மனித இனம் முழுவதும் அடங்கியிருந்து பாவம் செய்தது என்ற கருத்துக்கு 'அவனில்' என்று படிக்கப்பட்ட in quo என்ற இரண்டு லத்தீன் சொற்கள் பெரிய தாங்குதூண். பள்ளியில் கிரேக்கம் தனக்கு வேப்பங்காயாக இருந்ததை அவரே ஒப்புக்கொள்கிறார். வட ஆப்பிரிக்க லத்தீன் பள்ளிக்கூடம் ஒரு கோட்பாட்டுக்குள் வந்த வழி இது. ஆனால் இங்கேயும் அவசரம் கூடாது. அதே லத்தீன் வரியை அதே பொருளில் அவருக்கு முன்பே படித்தவர் உண்டு: அம்புரோசியாஸ்டர் என்று இன்று அழைக்கப்படும் பெயர் தெரியாத உரையாசிரியர். ஆகவே இது ஒரு தனிமனிதரின் மனக்காயம் மட்டுமல்ல, ஒரு மொழிச் சமூகத்தின் சொத்து. குழந்தைத் திருமுழுக்கு என்ற சபை வழக்கம் வேறு அவருடைய வாதத்துக்கு முட்டுக்கொடுத்தது. இச்சை வழியாகப் பாவம் கடத்தப்படுகிறது என்ற பகுதி, எக்லானும் என்ற ஊரின் ஆயர் ஜூலியனோடு நடந்த கடைசிக் காலச் சண்டையில் விரிகிறது. அவருடைய இளமை நினைவுகளுக்கு வேலை இருந்தால் அந்த இடத்தில் தேட வேண்டும். 'அனுபவம் தாக்கம் செலுத்தியது' என்று எழுதும் மாணவரிடம், 'எந்தப் பக்கத்தில்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே பாதி வகுப்பு முடிந்துவிடும்.

மூன்றாவது, சாட்சிகளைத் தரம் பிரிப்பது. நீதிமன்றத்தில் செய்வதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். அந்த நேரத்திலேயே எழுதிய கடிதம், பிரசங்கக் குறிப்பு, விரிவுரைக் கைப்பிரதி ஆகியவை முதல் தரம். பிற்காலத்தில் அவரே சொன்ன நினைவு இரண்டாம் தரம். மற்றவர் குறித்துவைத்தது மூன்றாம் தரம். எதிரி சொன்னது நான்காம் தரம். ஒதுக்க வேண்டியதில்லை, தனித்து நிற்கும்போது நம்பக்கூடாது.

சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்தின் கதை இதற்குச் சரியான பாடம். 1914 ஆகஸ்டு தொடக்கத்தில் ஒரு நாள், 93 ஜெர்மன் அறிஞர்கள் கைசரின் போர்க் கொள்கையை ஆதரித்து அறிக்கை விட்டதையும், அதில் தன் ஆசிரியர்கள் பலரின் பெயர்களைக் கண்டு திகைத்ததையும் 1957இல் அவர் நினைவுகூர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இறையியலுக்கு இனி எதிர்காலம் இல்லை என்று அன்று உணர்ந்ததாகச் சொன்னார். பாடநூல்கள் இதை அப்படியே படியெடுக்கின்றன. அந்த அறிக்கை வெளியானது 1914 அக்டோபர் 4. அவருடைய ஆசிரியர்களான ஹார்னாக்கும் ஹெர்மனும் கையெழுத்திட்டது உண்மை, பார்த் மனமுடைந்ததும் உண்மை. ஆனால் ஆகஸ்டு முடிவதற்குள்ளேயே இதழாசிரியர் மார்ட்டின் ராடேக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கசப்பு தெரிகிறது. அறிக்கைக்கு முன்பே கசந்துவிட்டது. நாற்பது ஆண்டு கழித்து அவர் மனம் ஒரு நீண்ட உடைசலை ஒற்றை நாளாகச் சுருக்கிக்கொண்டது. இதைப் பொய் என்று சொல்லத் தேவையில்லை. தன் வாழ்க்கையைத் திரும்பிச் சொல்வதும் இறையியல் வேலைதான்; அங்கேயும் ஒரு வாதம் ஓடிக்கொண்டிருக்கும். மாணவர் அந்த வாதத்தைப் படிக்கப் பழக வேண்டும்.

லூத்தரிடமும் இதே நிலைதான். ரோமர் 1:17இன் பொருள் தனக்குத் திறந்த கதையை அவர் விரிவாக எழுதியது 1545இல், இறப்பதற்கு முந்திய ஆண்டு, தன் லத்தீன் நூல்தொகுப்பின் முன்னுரையில். சங்கீதங்களை இரண்டாம் முறை நடத்தத் தொடங்கிய காலத்தோடு அதைச் சேர்க்கிறார். அது 1518-19 வாக்கில் வரும். ஆனால் 1515-16இல் அவர் நடத்திய ரோமர் விரிவுரைகளின் கைப்பிரதி 1908இல் அச்சேறியபோது, அந்தக் கருத்தின் பெரும்பகுதி அங்கேயே கிடந்தது. 'திடீர் வெளிச்சம்' எப்போது என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. விட்டன்பெர்க் கோவில் கதவில் லூத்தர் 95 கருத்துரைகளை ஆணியடித்த செய்தியும் 1546இல் அவருடைய சகா மெலாங்க்தன் எழுதியதன் வழியாகவே நிலைபெற்றது; 1517இல் மெலாங்க்தன் அந்த ஊரிலேயே இல்லை, மறு ஆண்டுதான் வந்தார். இளம் துறவி லூத்தர் பாடகர் குழுவில் வலிப்பு வந்ததுபோல் விழுந்து அலறினார் என்ற கதை அவரை வெறுத்தவர்கள் வழி வந்தது. 1958இல் உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன் அந்தக் கதைக்கு முக்கிய இடம் கொடுத்து லூத்தரை உளப்பகுப்பாய்வு செய்தார். நான்காம் தரச் சாட்சியின் மேல் எழுப்பிய மாடி. படிக்கச் சுவையான புத்தகம்தான், மறுக்கவில்லை.

சிலர் சாட்சியே சொல்வதில்லை. கால்வின் தன்னைப் பற்றிப் பேச விரும்பாதவர். 1557இல் சங்கீத உரையின் முன்னுரையில் தன் 'திடீர் மனமாற்றத்தை'ச் சில வரிகளில் கடந்துவிடுகிறார். அந்த மௌனத்தை நம் கற்பனையால் நிரப்ப வேண்டாம். அவருக்கு வேறு தடயங்கள் உண்டு: சட்டப் படிப்பு, செனெகா பற்றி 1532இல் எழுதிய உரை, நாடு விட்ட அகதி வாழ்வு. முக்கியமாக, ஆறு அதிகாரங்களோடு 1536இல் வெளிவந்து 1559இல் எண்பது அதிகாரங்களாக வளர்ந்த 'கிறிஸ்தவ சமயக் கோட்பாடுகள்'. அது தொடங்குவதே பிரெஞ்சு மன்னருக்கு எழுதிய ஒரு திறந்த மடலோடுதான் என்பதை, இந்த மடலை எழுதும்போது நினைத்துக்கொண்டோம்.

நெருக்கடியைவிட அன்றாடத்தைத் தேடச் சொல்லுங்கள். மாணவருக்குப் புயலும் சிறையும் குண்டுவீச்சும் கண்ணில் படும். தினமும் செய்த வேலை படாது. அன்செல்மின் 'கடவுள் ஏன் மனிதரானார்' 1098இல் நிறைவேறிய நூல். கடவுளுக்குரிய மாண்பைச் செலுத்தாமையே பாவம், அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் கரு. உடனே, 'கடவுள் நிலப்பிரபு, மனிதர் குடிபடை, இது நிலமானிய இறையியல்' என்று எழுதிவிடுகிறார்கள். கேன்டர்பரிப் பேராயராக இங்கிலாந்து அரசரோடு அவர் மோதியதும், அந்த நூலை நாட்டுக்கு வெளியே முடித்ததும் உண்மை. ஆனால் கேன்டர்பரிக்கு வருவதற்கு முன் 33 ஆண்டுகள் அவர் பெக் மடத்துத் துறவி. குற்றம், அறிக்கை, ஈடு செய்தல் என்பவை அந்த மடத்தின் அன்றாட ஒழுங்கிலும் சபையின் தவமுறையிலும் ஏற்கெனவே புழங்கிய சொற்கள். நிலமானியத்தை அழித்துவிட வேண்டாம். அதன் பங்கு எவ்வளவு, மடத்தின் பங்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். தாமஸ் அக்குவினாஸின் எழுத்தை வறண்ட மனத்தின் அடையாளமாகப் பார்ப்பவர்களுக்கும் இதே பதில். முதலில் மறுப்புகள், பிறகு எதிர்மேற்கோள், பிறகு விடை, பிறகு ஒவ்வொரு மறுப்புக்கும் பதில் என்ற அமைப்பு பல்கலைக்கழக வகுப்பறையின் விவாத வடிவம். அந்த வடிவமே ஒரு முறை: எதிராளியின் வலுவான வாதத்தைச் சொல்லாமல் உன் விடையைச் சொல்ல முடியாது.

பார்த்துக்கும் 1914ஐவிட முக்கியமானது ஞாயிற்றுக்கிழமை. 1911 முதல் 1921 வரை, நெசவாலைத் தொழிலாளர் நிறைந்த சாஃபன்வில் கிராமத்தில் அவர் போதகர். வாரந்தோறும் பிரசங்க மேடை ஏறி 'கடவுள்' என்று சொல்லியாக வேண்டும். மனிதர் கடவுளைப் பற்றி எப்படிப் பேசத் துணிவது என்ற அவருடைய முறையியல் கேள்வியின் பிறப்பிடமாக அந்த மேடையையே அவர் காட்டினார். ரோமர் உரையின் 1919 பதிப்பையும் 1922 பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே வசனத்தின் உரையை ஒப்பிடும் பயிற்சி இரண்டு மணி நேரத்தில் முடியும். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் மாற்றத்துக்கான காரணங்களை அவரே வரிசைப்படுத்துகிறார்: பவுலை மேலும் படித்தது, திருச்சபை வரலாற்றாசிரியர் ஓவர்பெக், தம்பி ஹைன்ரிக் வழியாக பிளேட்டோவும் கான்ட்டும், கீர்க்ககார்டும் தஸ்தயேவ்ஸ்கியும். புத்தக அலமாரியும் சூழல்தான். சூழல் என்றாலே துயரம் என்று நினைப்பதை விட்டுவிட வேண்டும்.

அந்த அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரையும் எண்ண வேண்டும். 1929இலிருந்து பார்த்தின் வீட்டிலேயே தங்கி, அவருடைய மாபெரும் 'திருச்சபை இறைக்கோட்பாட்டியலுக்கு' மேற்கோள் திரட்டி, தட்டச்சு செய்து, உழைத்தவர் ஷார்லட் ஃபான் கிர்ஷ்பாம். மனைவி நெல்லியும் அதே வீட்டில். 1925 முதல் 1935 வரையிலான பார்த்–கிர்ஷ்பாம் கடிதங்கள் 2008இல் வெளியானபின், இதைக் கிசுகிசுவாகவோ ரகசியமாகவோ நடத்த இடமில்லை. வகுப்பில் கேட்க வேண்டியது: இந்த நூல் யாருடைய நேரத்தில், யாருடைய உழைப்பில் எழுதப்பட்டது? ஆண் முன், பெண் பின் என்று இதே நூல் வரிசை பேசும் பக்கங்களை அந்தத் தகவலோடு படித்தால் எந்த வாக்கியம் வேறு மாதிரி ஒலிக்கிறது? ஜான் ஹோவர்ட் யோடர் இன்னும் கடினமான வழக்கு. வன்முறையற்ற சபையைப் பற்றி எழுதியவர், பல ஆண்டுகளாகப் பல பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தார். அதற்கு இறையியல் நியாயமும் கற்பித்தார். இங்கே 'வாழ்க்கை வேறு, எழுத்து வேறு' என்று தப்பிக்கவும் கூடாது, எல்லாப் பக்கத்தையும் கிழித்துப்போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடவும் கூடாது. சபை ஒழுக்க நடவடிக்கை, மத்தேயு 18 (தவறு செய்த சகோதரனைத் திருத்துவது பற்றிய அதிகாரம்), மன்னிப்பு ஆகியவற்றைப் பற்றிய அவருடைய பக்கங்களை முதலில் விசாரிக்க வேண்டும். அத்துமீறலுக்கும் எழுத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வாய்ப்புள்ள இடம் அதுதான்.

வேதப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வாசல். 1960இல் வேலரி செய்விங், தான் ஓர் இறையியல் மாணவி, ஒரு பெண்ணும்கூட என்று அறிவித்துக் கட்டுரையைத் தொடங்கினார். ரைன்ஹோல்ட் நீபர் போன்றவர்கள் பாவத்தின் வேராகச் சொன்ன செருக்கும் தன்னை நிலைநாட்டலும் ஆண்களின் அனுபவத்திலிருந்து வந்தவை. பெண்ணின் சோதனை பெரும்பாலும் தன்னையே கரைத்துக்கொள்வதாக இருக்கலாம் என்றார். கேள்வி மாறியதும் கோட்பாட்டின் எலும்புக்கூடே மாறுகிறது. ஆனால் அந்த 'பெண்' யார்? 1993இல் கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ், ஆதியாகமத்தில் வரும் ஆகாரைக் கையிலெடுத்தார். சாராளின் வீட்டு அடிமை, வாடகைத் தாய்போல் பயன்படுத்தப்பட்டு வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்டவள். யாத்திராகமத்தை மையமாக வைத்த கறுப்பின விடுதலை இறையியலும், வெள்ளைப் பெண்களின் அனுபவத்தைப் பெண் அனுபவமாகவே எடுத்துக்கொண்ட பெண்ணியமும் பார்க்காத கதை அது. ஆகாரைக் கடவுள் விடுவிக்கவில்லை, எஜமானியிடமே திரும்பிப் போகச் சொல்கிறார். உயிர் பிழைக்க வழி காட்டுகிறார். விடுதலை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்தக் கதை அடங்காது. ஓர் அடையாளச் சீட்டை ஒட்டியதும் சூழல் முடிந்துவிடுவதில்லை என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

இடைக்கால இங்கிலாந்தின் தனித்தவப் பெண்ணான நார்விச்சின் ஜூலியனுக்கு ஒரு முழு வகுப்பு கொடுங்கள். 1373 மே மாதம், முப்பதரை வயதில், சாவின் விளிம்பில் அவர் கண்ட காட்சிகளுக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் உண்டு. குறும்பிரதியில், தான் ஒரு பெண், போதகர் அல்ல என்று தயங்கி மன்னிப்புக் கேட்கும் பகுதி இருக்கிறது. இருபதாண்டு அளவு தியானித்து எழுதிய நெடும்பிரதியில் அது இல்லை. அதற்குப் பதில் ஆண்டவனும் ஊழியனும் என்ற உவமையும், கிறிஸ்துவின் தாய்மை பற்றிய பகுதிகளும் புதிதாக இருக்கின்றன. நோய் காட்சியைத் தந்தது. இறையியலைத் தந்தது அதற்குப் பின் வந்த நீண்ட ஆண்டுகள். இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துக் கோடிட்டால், முதலாண்டு மாணவரே இதைக் கண்டுபிடிப்பார்.

அடுத்து எதிர்ச்சோதனை. இதைத் தவறவிடும் கட்டுரைக்குத் தேர்ச்சி கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. இரண்டு கேள்விகள்: இதே சூழலில் இருந்து வேறு முடிவுக்குப் போனவர் யார்? வேறு சூழலில் இருந்து இதே முடிவுக்கு வந்தவர் யார்? இரண்டு ஜெர்மன் இறையியலாளர்கள்: பால் டில்லிக் 1886இல் பிறந்தவர், இமானுவேல் ஹிர்ஷ் 1888இல். இருவரும் லுத்தரன் போதகர் பிள்ளைகள், மாணவக் காலம் தொட்டு நெருங்கிய நண்பர்கள். இருவருமே வரலாற்றில் கடவுள் பேசும் தருணம் உண்டு என்று நம்பினார்கள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் டில்லிக் பதவி பறிக்கப்பட்டு நியூயார்க் போனார். ஹிர்ஷ் அதே ஆண்டைக் கடவுள் தந்த வேளையாக வரவேற்றார். 1934இல் டில்லிக் ஹிர்ஷுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தின் குற்றச்சாட்டே, என் கருத்துச் சட்டகத்தை எடுத்து அதன் தீர்க்கதரிசனக் கூர்மையை உருவிவிட்டு எதிராளிக்குப் பயன்படுத்துகிறாய் என்பதுதான். ஒரே மாதிரி வீடு, ஒரே படிப்பு, ஒரே மாதிரி முறை, முடிவு எதிரெதிர். டில்லிக் 1914 முதல் 1918 வரை போர்முனை ஆன்மகுருவாக இருந்தது வித்தியாசமாக இருக்கலாம் என்று மாணவர் சொல்வார். சொல்லட்டும். அதே போர்முனையிலிருந்து தீவிர தேசியவாதிகளாகத் திரும்பியவர்களை என்ன செய்வது என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

கறுப்பின விடுதலை இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 1969இலும் 1970இலும் எழுதிய நூல்களின் கூர்மையான விமர்சகர்களில் ஒருவர் அவருடன் பிறந்த சிசில் கோன். கறுப்பினச் சபையின் சொந்தச் சமய அனுபவத்தை விட்டு ஐரோப்பிய இறையியலிலும் அரசியல் முழக்கத்திலும் அடித்தளம் போடுகிறாய் என்பது 1975இல் சிசில் வைத்த வாதம். ஜேம்ஸின் முனைவர் பட்ட ஆய்வே பார்த்தைப் பற்றியது. ஒரே கூரையின் கீழ் வளர்ந்த இருவர் ஒரே சூழலை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்களும், மைத்துனர்களும் வழக்கறிஞர்களுமான வி. சக்கரையையும் பி. செஞ்சையாவையும் இதே சோதனையில் வைக்கலாம். முன்னவர் கிறிஸ்துவை நிலையான அவதாரமாகப் பேசினார், பின்னவர் புதிய படைப்பின் தொடக்கமாக.

தோற்றம் வேறு, செல்லுபடி வேறு என்பதைத் தனி அமர்வில் நடத்த வேண்டும். 1963இல் புதிய ஏற்பாட்டு அறிஞர் கிறிஸ்தர் ஸ்டெண்டால், பவுலை நாம் லூத்தரின் மனச்சாட்சி வழியாகப் படிக்கிறோம் என்று காட்டினார். பிலிப்பியர் 3:6இல் நியாயப்பிரமாணத்தின்படி தான் குற்றஞ்சாட்டப்படாதவன் என்று சொல்லும் பவுலுக்கு, துறவி லூத்தரின் அலைக்கழிப்பு இருந்த தடயம் இல்லை. நல்ல வாதம். ஆனால் இதிலிருந்து 'எனவே நீதிமானாக்கப்படுதல் (கடவுள் தம் அருளால் மனிதரை நீதிமானாக ஏற்கிறார் என்ற கோட்பாடு) பொய்' என்று தாவும் மாணவர் ஆண்டுதோறும் வருவார். கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பது, விடை சரியா என்பதைத் தீர்க்காது. விடையை வேத வாசிப்பு, வாதத்தின் உள்ளிணக்கம், அது சபையிலும் உலகிலும் விளைவிப்பது ஆகியவற்றில் தனியே சோதிக்க வேண்டும். ஏழைகளோடு நிற்கும் செயல் முதல் அடி, இறையியல் இரண்டாம் அடி என்று 1971இல் பெரு நாட்டு விடுதலை இறையியலாளர் குத்தியேரஸ் எழுதியபோது, அவர் தன் சூழலை மறைக்காமல் முறையின் உள்ளேயே வைத்தார். அது நேர்மை, அதனாலேயே அவருடைய முடிவுகள் சரியாகிவிடாது, தவறாகியும் விடாது.

மாணவரின் சொந்தச் சூழல் குறித்தும் ஒன்று. இப்போதெல்லாம் கட்டுரையின் முதல் பத்தியிலேயே 'நான் இன்னார், இன்ன பின்புலம்' என்று எழுதச் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. அதைக் கடைசி அரைப் பக்கத்துக்கு மாற்றுங்கள். முதலில் வைத்தால் அது கேடயமாகிவிடுகிறது. எந்த எதிர்வாதத்துக்கும் 'என் அனுபவம்' என்று பதில் வரும். கடைசியில் வைத்தால், தான் எந்தச் சாட்சியை எளிதில் நம்பினேன், எதைப் பார்க்காமல் தாண்டினேன் என்று கட்டுரையிலிருந்தே சுட்டிக்காட்ட வேண்டிவரும். அதைத்தான் கேளுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

மதிப்பெண் பங்கீடு, 20க்கு: விளக்கப்படும் வாக்கியம் தெளிவாக இருப்பதற்கு 3, கால அட்டவணைக்கு 4, சாட்சிகளைத் தரம் பிரித்ததற்கு 5, சூழல் நுழைந்த வாசலைப் பக்க எண்ணோடு காட்டியதற்கு 4, எதிர்ச்சோதனைக்கு 4. சொந்தச் சூழல் அரைப் பக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது; எழுதாவிட்டால் கட்டுரை திருத்தப்படாது.

வினாத்தாளில் உடனடியாக மாற்றக்கூடிய ஒரு வரியும் உண்டு. 'லூத்தரின் வாழ்க்கை அவரது இறையியலை எவ்வாறு பாதித்தது? விளக்குக' என்ற பழைய கேள்வியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் 1545 முன்னுரையிலிருந்து ஒரு பத்தியும், 1515-16 ரோமர் விரிவுரையிலிருந்து ஒரு பத்தியும் அச்சிட்டு, இப்படிக் கேளுங்கள்: 'இவ்விரண்டும் எங்கே உடன்படுகின்றன, எங்கே முரண்படுகின்றன? முரண்பாட்டுக்கு இரண்டு விளக்கங்கள் தந்து, ஒன்றை ஏன் ஏற்கவில்லை என்று கூறுக.' இதைத் திருத்த இரட்டிப்பு நேரம் பிடிக்கும். திருத்தும் ஆசிரியருக்கு அந்த நேரத்தைப் பணிப் பட்டியலில் ஒதுக்கிக்கொடுக்கவும் குழு இப்போதே முடிவு செய்ய வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இறையியல் வரலாறும் முறையியலும் கற்பிப்போர்